துரைசாமியிடம் யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை

(பசறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



மண்டபத்துக்குள் நுழையும்போது ஒரு தம்பி என்னை மறித்தார். "சேர், கண்டி ராஜாங்கமே இல்லாமப் போய் இருநூறு வருஷமாச்சு. அதுக்கு யார் வாரிசுன்னு பேசி நமக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். நியாயமான கேள்வி. பேச்சு முடியும்போது பதில் சொல்கிறேன் என்று கடன் சொல்லிவிட்டு மேடையேறியிருக்கிறேன். கடனைக் கடைசியில் தீர்க்கிறேன்.

முதலில் ஒரு கதிரையைப் பற்றிச் சொல்கிறேன். நான் படிப்பித்த காலத்தில் மாணவர்களைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்டி மன்னர்களின் சிம்மாசனம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மரத்தில் செய்து பொன்தகடு போர்த்தியது. கை வைக்கும் இடத்தில் இரண்டு சிங்கங்கள். அவற்றின் கண்களில் ஊதாக் கற்கள். முதுகு சாயும் பலகையின் உச்சியில் கதிர் விரிக்கும் சூரியன். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோனார்கள்; வின்சர் கோட்டையில் இருந்தது; 1934இல் திரும்பி வந்தது. தோட்டத்துப் பையன் ஒருவன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், இதுல கடைசியா உட்கார்ந்தது சிங்களவரா, தமிழரா?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. சட்டென்று "தமிழர்" என்றேன். பையன்களின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையை நான் இலவசமாகக் கொடுத்துவிட்டேன். இன்று கொஞ்சம் விலை வைத்துச் சொல்லப்போகிறேன்.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. அவர் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி, வடுகர். தெலுங்கும் தமிழும் புழங்கிய குடும்பம். கண்டியில் பௌத்த மன்னராக முடிசூடி, சிங்களத்தில் ஆணை பிறப்பித்தவர். ஆங்கிலேயர் இவர்கள் எல்லோரையும் 'மலபார்' என்ற ஒரே சாக்கில் கட்டினார்கள். எந்தச் சாக்கில் போட்டாலும் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

மாப்பிள்ளை வழியாக வந்த முடி

மதுரை நாயக்கர் வீட்டார் கண்டிக்கு எப்படி வந்தார்கள்? படையோடு வரவில்லை. சம்பந்தம் பேசி வந்தார்கள்.

கண்டி மன்னன் பட்டத்து ராணியைச் சூரிய குலத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். உள்ளூர்ப் பிரதானிகளின் வீட்டில் பெண்ணெடுத்தால் அந்த வீடு மற்ற வீடுகளுக்கு மேலே ஏறிவிடும். அதை மற்றவர்கள் பொறுக்கமாட்டார்கள். ஆகவே பெண் கடல் தாண்டி மதுரையிலிருந்து வந்தாள்; பெண்ணோடு அண்ணன் தம்பிமாரும் வந்தார்கள்.

1739இல் கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் இறந்தபோது பட்டத்து ராணிக்குப் பிள்ளையில்லை. சிங்கள மனைவி ஒருத்தியின் வயிற்றில் உணம்புவை என்ற மகன் இருந்தான். தாய் வழியில் குலம் போதாது என்று அவனை ஒதுக்கினார்கள். ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். மதுரையில் ராணி மீனாட்சியும் வங்காரு திருமலையும் வாரிசுச் சண்டை போட்டு, இடையில் சந்தா சாகிபு புகுந்து, நாயக்கர் அரசு மண்ணோடு போனதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். அங்கே பங்காளிச் சண்டையில் ஒரு முடி உடைந்தது. இங்கே மைத்துனர் முறையில் ஒரு முடி கிடைத்தது.

பிரதானிகளுக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. தங்களில் ஒருவன் அரசனானால் மற்றவர்கள் அவனுக்கு முன் தரையில் விழ வேண்டும். வெளியாள் அரசனாக இருந்தால் எல்லோருக்கும் சமதூரம், ஆட்டுவிக்கவும் வசதி. கணக்கு பிசகும்போதெல்லாம் 'இவன் அந்நியன்' என்ற பேச்சு எழும். 1760இல் அடுத்த நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைத் தொலைத்துவிட்டு சீயம் நாட்டு இளவரசன் ஒருவனை உட்காரவைக்கப் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் சதி செய்தார்கள். இத்தனைக்கும் சீயத்திலிருந்து உபாலி தேரரை 1753இல் வரவழைத்து, அறுந்து கிடந்த உபசம்பதையை, அதாவது பிக்குகளின் உயர் தீட்சையை, மறுபடி நிலைநாட்டியவர் அதே கீர்த்தி ஸ்ரீ. மதுரைக்காரன் அந்நியன் என்றவர்கள் சீயத்துக்காரனைத் தேடிப் போனார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுசாமியும் முத்துசாமியும்

1798இல், கீர்த்தி ஸ்ரீக்குப் பின் ஆண்ட ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தார். அப்போதைய மகா அதிகாரமான, அதாவது முதலமைச்சரான, பிலிமத்தலாவை, ராணி வழி உறவினரான பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைத் தூக்கி முடிசூட்டினார். இறந்த மன்னனின் ராணியொருத்தியின் சகோதரன் முத்துசாமி, முடி எனக்குத்தான் சேர வேண்டும் என்றார். உயிருக்குப் பயந்து ஆங்கிலேயரிடம் ஓடினார்.

உரிமை கோருபவன் ஒருவன் கையில் கிடைத்தால் வல்லரசுக்கு அதைவிட நல்ல துருப்பு கிடையாது. 1803இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்து முத்துசாமியை அரசனாக்கியது. நகரம் காலியாகக் கிடந்தது. குடிகள் இல்லாத ஊரில் முடிசூட்டு விழா நடந்தது. சில மாதங்களில் காய்ச்சலும் பட்டினியும் படையைத் தின்றன. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டு, வெள்ளம் கரைபுரண்ட மகாவலிக் கரையில் சிக்கிக்கொண்டார். முத்துசாமியைக் கொடுத்தால் வழிவிடுகிறோம் என்றார்கள் கண்டியர். கொடுத்துவிட்டார். முத்துசாமியைக் கொன்றார்கள். கொடுத்தவர்களையும் விடவில்லை.

உறவுக் கணக்கில் பார்த்தால் முத்துசாமியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் கண்டியில் இரத்தம் மட்டும் அரசனை ஆக்கியதில்லை. பிரதானிகள் ஒப்ப வேண்டும், குடிகள் ஏற்க வேண்டும், புத்தரின் புனிதப் பல்லான தலதா அவன் காவலில் இருக்க வேண்டும். முத்துசாமிக்கு இருந்தது அந்நியத் துப்பாக்கி மட்டும்.

வாரிசை ஒழித்த தாள்

கண்ணுசாமியைத் தூக்கிவிட்ட பிலிமத்தலாவை பின்னர் அதே கண்ணுசாமியின் ஆணையால் தலையிழந்தார். அவருக்கு அடுத்து மகா அதிகாரமான எகலப்பொலை மன்னனோடு பகைத்து ஆங்கிலேயரிடம் போனார். 1814இல் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை மறைத்து மன்னனைத் தியாகியாக்க நான் வரவில்லை. 1815 பெப்ரவரி 18இல் மெதமகாநுவரைப் பக்கம் மன்னன் பிடிபட்டார். மார்ச் 2இல் கண்டி அரண்மனையின் மகுல் மடுவத்தில், ஆங்கிலேயரும் பிரதானிகளும் செய்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டது.

அதில் இரண்டு பிரிவுகள் நமக்கு முக்கியம். இரண்டாவது பிரிவு, மன்னனையும் அவனுடைய மேல்வழி, கீழ்வழி, பக்கவழி உறவினர் எல்லோரையும் சிம்மாசனத்திலிருந்து என்றென்றைக்கும் விலக்குகிறது. மலபார் இனத்தின் உரிமை ஒழிந்தது என்கிறது. மூன்றாவது பிரிவு, மன்னனுக்கு உறவாக இருப்பவரும் உறவென்று சொல்லிக்கொள்பவரும் கண்டி மாகாணங்களின் எதிரிகள், அனுமதியின்றி உள்ளே கால் வைக்கக்கூடாது என்கிறது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வருவதையும் அது தடுக்கிறது.

இந்த வேலை நம் நாட்டில் மட்டும் நடக்கவில்லை. 1946இல் முடியாட்சியை வாக்கெடுத்து ஒழித்த இத்தாலி, கடைசி மன்னனின் ஆண்வழியினர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. 2002இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குப் பிறகும், இல்லாத முடிக்கு மூத்தவர் யார் என்று இத்தாலிய அரச குடும்பமான சவோய் வீட்டுப் பங்காளிகள் இருவர் சண்டையிட்டார்கள். 2004இல் ஸ்பெயின் அரச குடும்பத் திருமணத்தின்போது ஒருவர் மற்றவரைக் குத்திவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே அது விருந்து மண்டபத்தோடு முடிந்தது. இங்கே அப்படி முடியவில்லை.

மன்னனை 1816 ஜனவரியில் கப்பலேற்றினார்கள். வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டு. 1832 ஜனவரி 30இல் இறந்தார். வேலூரில் பிறந்த மகன் 1843இல் இறந்தான். கண்டி முடி, இலங்கை அரசாங்கம் அனுப்பும் உபகாரப் பணமாகச் சுருங்கியது. பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கும் இடத்தில் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் கட்டி 1990இல் திறந்தது. அவருடைய வழித்தோன்றல்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் தமிழ்நாட்டில் உண்டு.

ஊவா தேடிய பெயர்

இனி நம்முடைய ஊவாவுக்கு வருவோம்.

உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பிரதானிகள், அரசன் போகிறான், நாம் இருப்போம் என்று நினைத்தார்கள். அரசன் என்று அவர்களுக்குக் கிடைத்தது லண்டனிலிருந்த மூன்றாம் ஜோர்ஜ். அவரோ புத்தி பேதலித்துக் கிடந்தார். மகன் பதிலாளாக ஆண்டுகொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத அரசன். பெரஹராவுக்கு வராத அரசன். தெருவில் போகும் சிப்பாய்க்குக்கூடப் பிரதானி எழுந்து நிற்க வேண்டிய காலம்.

1817இல் கதிர்காமத்திலிருந்து வெல்லச்சைப் பக்கமாக ஒரு செய்தி பரவியது. நாடு கடத்தப்பட்ட மன்னனின் உறவினர் ஒருவர் வந்திருக்கிறார், கதிர்காமக் கடவுளே அவரைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்பது செய்தி. அவருடைய பெயர் துரைசாமி.

பதுளையில் உதவி வதிவிடப் பிரதிநிதியாக இருந்த வில்சன், விசாரிக்க வெல்லச்சைக்குப் போனார். அம்பு பட்டு மாண்டார். பசறையைத் தாண்டி பிபிலை, மொனராகலை என்று இறங்கும் காட்டுப் பக்கம்தான் வெல்லச்சை. இன்று நீங்கள் சாமான் வாங்கப் போய்வரும் வழி. கலகத்தை அடக்க ஊவாவின் திசாவையாக, அதாவது ஆளுநராக, இருந்த கெப்பெட்டிப்பொலையை அனுப்பினார்கள். அவர் கலகக்காரரோடு சேர்ந்தார். சேர்வதற்கு முன் அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பியனுப்பிவிட்டார். துரைசாமி அரசனானார். தலதாவும் கண்டியிலிருந்து கிளர்ச்சிக்காரர் கைக்கு வந்தது.

இப்போது ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். மலபார் இனத்தின் உரிமை ஒழிந்தது என்று எழுதிய மை காய்ந்து இரண்டரை ஆண்டுதான் ஆகிறது. ஊவாவின் சிங்களக் குடியானவர்கள் உயிரைக் கொடுக்க ஓர் அரசனைத் தேடுகிறார்கள். அவர்கள் தேடிய பெயர் துரைசாமி.

துரைசாமி உண்மையான நாயக்கர் அல்லர் என்பது பின்னால் வெளிவந்தது. அவர் வில்பாவை என்ற சிங்களவர்; துறவாடையைக் களைந்த முன்னாள் பிக்கு. கிளர்ச்சி தளர்ந்தபோது மடுகல்லை என்ற தலைவர் அவரைப் பிடித்து, ஊரறியப் போலி என்று சொல்லித் தொழுமரத்தில் மாட்டினார். இரண்டு பலகைக்கு நடுவில் இரண்டு கால்கள்; அதுதான் துரைசாமியின் கடைசிச் சிம்மாசனம்.

வெள்ளைக்கார எழுத்தாளர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கள்ள நோட்டு அடிப்பவன் எந்த நோட்டைப் பார்த்து அடிப்பான்? சந்தையில் செல்லுபடியாகும் நோட்டைத்தான். வில்பாவை சிங்களவராகவே நின்று உரிமை கோரியிருக்கலாம். பழைய சிங்கள அரச வம்சம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நாயக்கரென்று சொன்னார். ஊவாச் சந்தையில் அன்று செல்லுபடியான பெயர் அது. உடன்படிக்கை பொய் சொன்னது என்பதற்கு அந்தப் போலி மனிதரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதன் விலை பெரிது. வீடுகளும் நெல்வயல்களும் எரிந்தன. படையோடு இருந்த மருத்துவர் ஜோன் டேவி, ஆங்கிலேயர் தரப்பில் ஆயிரம் பேரளவில் செத்தார்கள், ஊர்மக்கள் பத்தாயிரம் வரை செத்திருக்கலாம் என்று கணக்கிட்டார். கெப்பெட்டிப்பொலையும் மடுகல்லையும் 1818 நவம்பர் 26இல் போகம்பறையில் தலை வெட்டப்பட்டார்கள். கெப்பெட்டிப்பொலையின் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின்தான் அது கண்டிக்குத் திரும்பியது. 1818இல் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்ட பத்தொன்பது தலைவர்களின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை இலங்கை அரசு 2016இல்தான் நீக்கியது. வில்பாவை தப்பியோடி, பல ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டு, மன்னிக்கப்பட்டார்.

முடிக்கு ஆள் வருவது அதோடு நிற்கவில்லை. 1848 ஜூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினார். பிடித்து, கசையடி கொடுத்து, மலாக்காவுக்கு நாடுகடத்தினார்கள். அதற்குப் பிறகு கண்டி முடிக்காக யாரும் வாளெடுக்கவில்லை.

ராஜா போனார், துரை வந்தார்

அந்தத் தம்பிக்குக் கொடுக்க வேண்டிய கடன் இருக்கிறதல்லவா?

1815இல் மலபார் ஆண்களே உள்ளே வராதீர்கள் என்று எழுதிய அதே அரசாங்கம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் என்ன செய்தது? கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் திறந்தார்கள். மலை மலையாகக் காடு விழுந்தது. கூலிக்கு ஆள் வேண்டும். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று கங்காணிமார் போனார்கள். எந்தச் சீமையின் ஆள் கண்டி மண்ணில் அரசனாக நுழையக்கூடாது என்று தடைபோட்டார்களோ, அதே சீமையின் ஆளை மண்வெட்டியோடு வரச் சொன்னார்கள். அரசனாக வந்தவர் சொல்லிக்கொண்ட பெயர் துரைசாமி. மண்வெட்டியோடு வந்தவனுக்குப் பங்களாவில் இருந்தவர் துரை, கோயிலில் இருந்தது சாமி.

1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் அப்பா இங்கே பிறந்ததைக் காட்டு. அது முடியாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு. லயக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்குப் பதிவே ஒழுங்காக இல்லாத காலம். தகரப் பெட்டியில் இருந்தது பெரிய கங்காணியின் துண்டும் கடன் கணக்கும்தான். லட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டது. பாதி வீடு இராமேஸ்வரத்துக் கப்பலில் ஏறியது. கடைசி முடிச்சை அவிழ்த்த சட்டம் 2003இல்தான் வந்தது.

வம்சாவளி பார்ப்பது அரண்மனை வேலை. உணம்புவைக்குத் தாய்வழி போதாது என்றார்கள். ஒரு சிம்மாசனம் போயிற்று, அவ்வளவுதான். அதே கேள்வியைக் கொழுந்து பறிப்பவளிடம் கேட்டார்கள். அவளுக்கு ரேஷனும் வாக்கும் ஊரும் போயின. 1817இல் ஊவா மக்கள் துரைசாமியிடம் பிறப்புச் சான்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சிங்களப் பெயர் கிடைத்திருக்கும். எங்களோடு நிற்பாயா என்று மட்டும் கேட்டார்கள். 1948இல் சான்று கேட்டவர்கள், நூறு ஆண்டாக யார் யாரோடு நின்றார்கள் என்பதைக் கேட்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கண்டி முடிக்கு இன்று வாரிசு கிடையாது. வேலூரிலும் கிடையாது, கண்டியிலும் கிடையாது. 'கடைசி ராஜா நம்ம ஆளு' என்று நாம் மார்தட்டுவதிலும் அர்த்தமில்லை. அவர் நம் பாட்டன்மாருக்கு ராஜாவாக இருந்ததே இல்லை. அவர்கள் வரும்போது அவர் வேலூரில் கைதியாக இருந்தார், அல்லது இறந்திருந்தார். ஆனால் மலைநாட்டில் தமிழ்ப் பெயர் அந்நியம் என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் வெல்லச்சைக் கதையைச் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லுங்கள். அது அவர்களுடைய பாட்டன்மாரின் கதையும்தான்.

இன்னும் ஒரு வேண்டுகோள். நாயக்கர் மன்னர் நால்வரின் உறவுமுறையை மைத்துனர், அண்ணன் தம்பி என்று புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். என் வீட்டில் பூட்டனுக்கு மேலே எனக்குப் பெயர் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டிய கிழவி இறந்துபோனாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அம்மாயியிடமோ தாத்தாவிடமோ ஒரு கொப்பியோடு உட்காருங்கள். அவர்களுடைய அப்பா பெயர், அம்மா பெயர், முதலில் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதுங்கள். தகரப் பெட்டியில் பழைய தாள் ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லுணுகலை பஸ் புறப்படும் நேரம்.